குந்தா லயத்து நீலப் பூ

சிலோனிலிருந்து ஆட்கள் கப்பல் கப்பலாகத் திரும்பிக்கொண்டிருந்த எழுபதுகளில், ஒரு மே மாதம், கோயம்புத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் ஊட்டிக்கு ஏறினேன். என் மனைவி சரோஜாவுக்கு ஹைட்ரேஞ்சியா வேண்டும். பந்து பந்தாகப் பூக்குமே, அது, நீலத்தில்.

பத்தரை மணிக்கு மார்க்கெட் அருகே ஒரு நாற்றுப் பண்ணையில் விசாரித்தேன்.

"கோயமுத்தூர் வெயில் இதுக்கு ஆகாதுங்க. காலை வெயில் போதும், மத்தியானம் நெழலு வேணும். மண்ணு காயக் கூடாதுங்க," என்றார் பண்ணைக்காரர்.

"நீலச் செடி எதுங்க?"

"அப்படித் தனியா இல்லீங்க. இதே செடி புளிச்ச மண்ணுல நீலமாப் பூக்கும், சுண்ணாம்பு மண்ணுல ரோஸாயிரும்."

எனக்குப் பாதி புரிந்தது. அவரிடம் நாற்றும் தீர்ந்திருந்தது. குந்தாப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயங்களில், வரிசை வீட்டு வாசல்களில் கேட்டால் கிளை ஒடித்துத் தருவார்கள் என்றார்.

முப்பது கிலோமீட்டருக்கு மேல் வளைவுகள். இரண்டு மணிக்கு இறங்கினேன். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், முதல் வீட்டு வாசலிலேயே நீலக் கொத்துகள். முத்தையா, பாக்கியம் என்று சிலோனில் நுவரெலியாவிலிருந்து வந்த தம்பதி.

"தாராளமா ஒடிச்சுக்குங்க ஐயா. இது எங்க செடியில்ல," என்றாள் பாக்கியம்.

முத்தையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள்தான் சொன்னாள். அங்கே இறந்துபோன அவர்களுடைய இரண்டு வயது மகளைப் புதைத்த இடத்தில் ஒரு செடி வைத்திருந்தார்கள். கப்பலேறக் கிளம்பும்போது அதில் ஒரு கிளையை ஒடித்துக் கணவனிடம் கொடுத்திருக்கிறாள். "அது ரோஸ் கலருங்க. இது நீலமாப் பூக்குது. இதப் போயி புள்ளயோட செடிங்கிறாரு."

"பொதச்ச மேட்டுல சுண்ணாம்பு ஏதாவது போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"வருசா வருசம் வெள்ளையடிப்போம்."

பண்ணைக்காரர் சொன்னதைச் சொன்னேன்.  அவள் ஒரு கொத்தை இரண்டு கைகளாலும் ஏந்தி, "அப்ப இது எம்புள்ள செடிதானா?" என்றாள். நான் தலையசைத்தேன்.

ஒரு கிளை ஒடித்துக்கொண்டு கிளம்பினேன். முத்தையா என்னைப் பஸ்ஸுக்குக் கூட்டிவந்தார். பாதி வழியில் நின்றார்.

"அந்தக் கெளை, கப்பல்ல வந்தவங்கள தங்க வச்ச மண்டபம் கேம்புலயே கருகிப்போச்சுங்க ஐயா. இது இங்க தொரை பங்களாவுல ஒடிச்சு வச்சது."

நான் கையிலிருந்த கிளையைப் பார்த்தேன்.

"மண்ணைப் பத்தி நீங்க சொன்னது நெசந்தானே?"

"நிஜம்தான்."

"அப்ப சரிங்க," என்றார். எது சரி என்று எனக்கு விளங்கவில்லை.

பஸ் கிளம்பும் நேரத்தில் பாக்கியம் ஓடிவந்தாள். என் கையிலிருந்த கிளையை வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றித் திருப்பிக் கொடுத்தாள். "காயவுட்றாதீங்க ஐயா. இவரு கடல் தாண்டியே காப்பாத்திக் கொண்டாந்துட்டாரு." முத்தையா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளிடம் சொல்லிவிடலாமா என்று நினைப்பதற்குள் பஸ் வளைவில் திரும்பிவிட்டது.

ஊட்டியில் தங்கி மறுநாள் ஊர் சேர்ந்தேன். மலைக்குளிருக்குப் பிறகு வீட்டு வாசல் அடுப்பு மாதிரி கொதித்தது. வடக்குச் சுவரோரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிளையை ஊன்றினோம்.

"யார் வீட்டுச் செடி?" என்றாள் சரோஜா.

தொரையின் பெயர் எனக்குத் தெரியாது. அந்தக் குழந்தையின் பெயரையும் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"பாக்கியம்னு ஒரு அம்மா கொடுத்தாங்க," என்றேன். தொட்டியிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு கிளைக்கு ஊற்றினேன்.