மாஸ்டரின் கெண்டைக்கால்

டப்பாவுக்குள் கரண்டியை விட்டு அள்ளியதும், குவிந்து நிற்கும் புரதப் பவுடரைத் துணிக்குக் கோடு போடும் அடிக்கோலால் வழித்துவிடுவார் மாஸ்டர். ஒரு துளி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தண்ணீரில் போட்டுக் குலுக்கி ஒரே மூச்சில் குடித்த பிறகுதான் கத்தரியைத் தொடுவார். எங்கள் தையல்கடையில் துணி வெட்டுகிறவர் அவர். நான் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவள்.

நாற்பதை நெருங்குகிற வயது. நேராக நடந்து வந்தால் கதவு நிலையில் தோள் இடிக்கும். கடையில் தொங்குகிற சட்டை எதுவும் பத்தாமல் தன் சட்டையைத் தானே வெட்டிக்கொள்வார். ஆண்டவன் மேலே அள்ளி அள்ளி வைத்துவிட்டுக் கீழே வரும்போது கையைச் சுருக்கிக்கொண்டார் போலிருக்கிறது. கெண்டைக்கால் மட்டும் குச்சி. ஆணழகன் போட்டி மேடையில் பதினோரு தடவை ஏறி, பதினோரு தடவையும் அந்தக் காலால்தான் தோற்று இறங்கினார். போன தடவை கூட்டத்தில் ஒருவன், "மேல கோட்டை, கீழ குடிசை" என்றானாம். அதைச் சொல்லி அவரே சிரிப்பார். சிரித்து முடித்ததும் கத்தரி கொஞ்ச நேரம் ஓடாது.

"இத்தனை வருசம் தையல் மெஷினை மிதிச்சிருந்தாலே வந்திருக்கும்யா கெண்டைக்கால்" என்பார் முதலாளி.

"அதுல நரம்புதான் வரும் முதலாளி. சதைக்குப் பவுடர் வேணும்."

காலி டப்பாக்களைத் தூக்கிப் போட அவருக்கு மனம் வராது. கடையில் அவற்றில்தான் பொத்தானும் ஊக்கும் கிடக்கின்றன. வீட்டில் உப்பிலிருந்து சோப்பு வரைக்கும் அதே கறுப்பு டப்பாதான். "இவரு குடிக்கிற குடியில எங்க வீட்டு அலமாரிதான்க்கா புடைச்சு நிக்குது" என்பாள் அவர் மனைவி. "சோத்துல இல்லாததா இந்த டப்பாவுல இருக்கு?"

"சோறு பசிக்கு. இது சதைக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாத."

இரண்டு மாதத்துக்கு முன் தலைசுற்றுகிறது என்று போனவருக்கு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ரத்தத்தில் உப்பு ஏறியிருக்கிறது, சிறுநீரகம் களைத்திருக்கிறது, பவுடரை நிறுத்திவிட்டுப் பத்து நாளில் திரும்ப வா என்றார். உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவரோ, "சதை இருக்கிறவனுக்கு அந்த அளவு ஏறித்தான் காட்டும். ரத்தம் பாக்குற மெஷினுக்கு உன் உடம்பைப் பத்தி என்ன தெரியும்?" என்றுவிட்டார். போனில் கேட்டதற்கு, அந்தப் பேச்சில் பாதி உண்மை என்று டாக்டரும் ஒப்புக்கொண்டாராம். மீதிப் பாதியைக் கேட்க மாஸ்டர் போகவில்லை. டாக்டர் கொடுத்த சீட்டை மடித்து ஒரு காலி டப்பாவில் போட்டு மூடியைத் திருகிவிட்டார். புது டப்பா ஒன்றைத் திறந்தார்.

இன்று காலை கடைக்குள் நுழைந்ததும் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நின்றார். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக் கெண்டைக்காலைச் சுற்றினார்.

"பாருங்கக்கா. பதினாறு இஞ்சு. போன மாசம் பதினாலே முக்கால். இருபது வருசம் அசையாத காலு. இந்த டப்பா நல்லாக் கேக்குதுக்கா."

முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அந்த முகமே உப்பியிருந்தது. கணுக்காலில் காலுறையின் விளிம்பு கயிறு கட்டினது போல் பதிந்திருந்தது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. டாக்டர் எழுதுகிற சீட்டு எனக்குப் புரியாது. ஆனால் வீங்கின காலைத் தெரியும். என் வீட்டுக்காரருக்கும் கால் இப்படித்தான் 'தேறியது'. மூன்று வருடம், வாரத்துக்கு இரண்டு நாள், ரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அப்புறம் கூட்டிப்போக அவர் இல்லை.

ஆண்டவனே, என் விரல் பொய் சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டு, குனிந்து அந்தக் காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். பிசைந்த மாவில் பதிந்தது போலக் குழி அப்படியே நின்றது.

"தம்பி, இது சதை இல்ல. நீரு. இப்பவே போய் டாக்டர்கிட்டக் காட்டுங்க."

"போட்டிக்கு ஒம்பது நாள்தான்க்கா இருக்கு."

"தம்பி."

அவர் குழி நிறையுமா என்று பார்த்துக்கொண்டே நின்றார். நானும் பார்த்தேன். அது நிறையவில்லை. பிறகு மெல்லக் குனிந்து, டேப்பை அந்தக் குழிக்கு இரண்டு விரல் மேலே தள்ளிச் சுற்றி, மறுபடியும் அளந்தார்.