தேங்காய்ப்பால் சாதம் சாப்பிட வந்தவர்கள்

விருந்துக்கு ஆட்களைக் கூப்பிட்டுவிட்டு அடுப்படியிலேயே நிற்கக் கூடாது என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். மேடவாக்கத்துக்குக் குடிவந்த புதிதில் யார் வந்தாலும் பிரியாணி, கோலா உருண்டை, இரண்டு வகைப் பொரியல் என்று இழுத்துப் போட்டுக்கொள்வேன். கூடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பது மிக்ஸி சத்தத்தில் எனக்குக் கேட்காது. அதற்குப் பிறகு ஒரே குக்கரில் முடிகிற சாதம், முந்தின நாளே வைத்துவிடக்கூடிய குருமா, தயிரில் வெங்காயம் என்று சுருக்கிக்கொண்டேன். யாரும் குறை சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். தேங்காய்ப்பால் சாதம், உருளைக்கிழங்குக் குருமா, வெங்காயப் பச்சடி. வடகம் பொரித்து டப்பாவில் போட்டுவிட்டேன். வேலை எளிதாக முடிந்தது. வரப்போகிற இரண்டு பேரை நினைத்துத்தான் காலையிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் மூன்று பேரும் தாம்பரத்தில் ஒரே லேடீஸ் ஹாஸ்டலில், ஒரே அறையில் இருந்தவர்கள். ஒருத்தி இப்போது பள்ளிக்கூடத்தில் டீச்சர். இன்னொருத்தி நர்ஸ். நர்ஸின் அண்ணனுக்கும் டீச்சருக்கும் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அடித்து, புடவை எடுத்த பிறகு டீச்சர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் மனதில் வேறொருவர் இருந்தார். அவரையே பிறகு கட்டிக்கொண்டாள். நர்ஸின் அம்மா அந்த அவமானத்தில் பல மாதம் வாசலுக்கே வரவில்லை. நர்ஸ் அன்றிலிருந்து டீச்சரோடு பேசுவதில்லை. அவள் பெயரைச் சொன்னால்கூட எழுந்து போய்விடுவாள்.

எனக்கு நாற்பது வயது முடிகிறது என்று சாக்குச் சொல்லி இருவரையும் கூப்பிட்டேன். மறைக்கவில்லை. "அவளும் வர்றா. பிடிச்சா வா" என்றேன். இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "வரட்டும், எனக்கென்ன?"

டீச்சர் முதலில் வந்தாள். பன்னிரண்டு வயது மகளுக்கு மறுநாள் பரீட்சை. செம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் அவர்கள் வாடகைக்கு இருக்கும் தரைத்தள வீட்டில் அவள் படித்துக்கொண்டிருந்தாள். டீச்சரின் கணவர் பெங்களூரில் வேலை. மாதத்துக்கு இரண்டு முறை வருவார். "மூணு மணிக்கெல்லாம் கிளம்பிடுவேன்டி" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். என் கணவரும் அன்று ஊரில் இல்லை. கோயம்புத்தூரில் அவர் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார்.

நர்ஸ் வந்தபோது தூறல் ஆரம்பித்திருந்தது. சோபாவில் டீச்சர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். தலையை ஆட்டக்கூட இல்லை. நேராக என்னிடம் வந்து ஸ்வீட் பெட்டியைக் கொடுத்துவிட்டு பால்கனி ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் நான் ஒருத்திதான் பேசினேன். குருமா காரமா என்று கேட்டால் இருவரும் என்னைப் பார்த்து இல்லை என்றார்கள். டீச்சருக்கு அருகில் இருந்த பச்சடி நர்ஸுக்கு வேண்டியிருந்தது. கேட்கவில்லை, பச்சடி இல்லாமலே சாப்பிட்டாள். அதைக் கவனித்த டீச்சர் கிண்ணத்தை மெல்ல நடுவில் நகர்த்தினாள். நர்ஸ் அதைத் தொடவில்லை.

கை கழுவும்போதுதான் மழையின் சத்தம் மாறியது காதில் விழுந்தது. பால்கனிக் கதவைத் திறந்தேன். எதிர் அப்பார்ட்மெண்ட் தெரியவில்லை. எங்கள் தெரு பள்ளிக்கரணைச் சதுப்புக்குச் சாய்வாக இறங்குவது. மழை பெய்தால் தண்ணீர் வேகமாக ஓடிவிடும். அன்று ஓடாமல் நின்றது. நிறுத்தியிருந்த பைக்குகளின் சக்கரம் பாதி முழுகியிருந்தது.

டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டாள். கீழே போனோம். வாட்ச்மேன் கேட்டருகே நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க மேடம் போறீங்கோ? மெயின் ரோட்ல இடுப்பாண்ட தண்ணி கீது. ஆட்டோ ஒண்ணும் வராது" என்றார்.

டீச்சர் மகளுக்கு போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"அம்மா, வாசப்படி வரைக்கும் தண்ணி வந்துடுச்சும்மா. ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி வீடு பூட்டியிருக்கு. நான் புக்ஸையெல்லாம் கட்டில் மேல வெச்சுட்டேன். அம்மா, போன்ல சார்ஜ்…"

அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப். அதற்குள் எங்கள் பக்கம் கரண்ட் போய், டீச்சரின் போனில் சிக்னலே இல்லாமலாயிற்று. என் போனிலும் இல்லை.

டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். நான் கையைப் பிடித்தேன். உதறினாள். நாலடி போனவள் எதிலோ கால் தடுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்போது பின்னாலிருந்து நர்ஸின் குரல் வந்தது. வருஷக்கணக்கில் அவளிடம் பேசாத குரல்.

"திறந்த சாக்கடை இருக்கு அங்க. போய்ச் சேர மாட்ட. மேல வா."

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். ஏறி வந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து, "ஃப்ரிட்ஜ் பிளக் கீழதான் இருக்கு. தண்ணி அது வரைக்கும் வந்தா…" என்று மட்டும் சொன்னாள்.

நர்ஸ் மேலே ஓடினாள். நான் டீச்சரைக் கூட்டிக்கொண்டு போனபோது பால்கனி மூலையில், மழை முழுக்க மேலே விழ, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடையது வேறு கம்பெனி சிம். ஒரு கோடு சிக்னல் வந்து போய்க்கொண்டிருந்தது. டீச்சர் வீட்டு அடையாளத்தை என்னிடம் கேட்டு யாரிடமோ சொல்லிவிட்டு உள்ளே வந்து டீச்சருக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணனுக்குச் சொல்லிட்டேன். கிளம்பிட்டாரு."

அவள் அண்ணன் கல்யாணமாகி, செம்பாக்கத்திலேயே கொஞ்சம் மேடான தெருவில் குடியிருந்தார். டீச்சருக்கு அது தெரியும். அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றித்தான் காய்கறிக் கடைக்குப் போவாள் என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

"அவரை ஏன்டி கூப்பிட்ட?" என்றாள் டீச்சர்.

"வேற யாரைக் கூப்பிட? நீயே சொல்லு."



அதற்குப் பிறகு காத்திருந்ததுதான் கொடுமை. நான் இருந்த பாத்திரங்களையெல்லாம் பால்கனியில் வைத்து மழைத் தண்ணீர் பிடித்தேன். சம்ப்பில் தெருத் தண்ணீர் இறங்கிவிட்டதால் மோட்டார் போட வழியில்லை என்று வாட்ச்மேன் வந்து சொன்னார். சமையலறையில் இருந்தது ஒரு கேன் குடிதண்ணீர்தான். ஏதாவது செய்துகொண்டே இருந்தால் டீச்சரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது என்று துடைத்த மேடையையே மறுபடி துடைத்தேன். நர்ஸ் பால்கனிக் கதவோரத்தை விட்டு நகரவில்லை.

போன் அடித்தது. நர்ஸ் எடுத்தாள். "ஆங், சொல்லுண்ணா… சரி… கரண்ட் மெயினை ஆஃப் பண்ணிட்டியா? … என்னது?" அவள் முகம் மாறியது. டீச்சர் எழுந்துவிட்டாள்.

"பாப்பா நல்லாத்தான் இருக்கா. கட்டில் மேல உட்கார்ந்திருக்கா. ஆனா கதவைத் திறக்க மாட்டேங்குறா. தெரியாத ஆளுக்குத் திறக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்களாம். உள்ள தண்ணி ஏறுது. நீ பேசணுமாம்."

போனை நீட்டினாள். டீச்சரின் கை அதை வாங்கவில்லை. அந்தப் பக்கம் அவர் "ஹலோ, ஹலோ" என்பது எங்களுக்கே கேட்டது. சிக்னல் எப்போது போகும் என்று தெரியாது. "வாங்குடி" என்று நான் கத்திவிட்டேன்.

வாங்கினாள்.

"நான்தான்…" என்றாள். அவர் என்ன சொன்னாரோ, "சரிங்க" என்றாள். ஜன்னல் கம்பி வழியாக அவர் போனை உள்ளே நீட்டியிருக்க வேண்டும். டீச்சரின் குரல் சட்டென்று மாறியது.

"அம்மாதான்டா பேசறேன். பயப்படாத. கதவைத் திற. அந்த மாமாகூடப் போ."

மகள் ஏதோ கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சவருடா." நர்ஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரொம்ப நல்லவரு. நீ பயப்படாம போ."

லைன் அறுந்தது. மறுபடி கிடைக்கவில்லை. கதவைத் திறந்தாளா, இல்லையா? மூவரும் அந்தப் போனை மேஜை மேல் வைத்துச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். டீச்சர் வாயை முந்தானையால் பொத்தியிருந்தாள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. நான் மெழுகுவர்த்தி தேடப் போனபோது குறுஞ்செய்தி வந்த சத்தம் கேட்டது. நர்ஸ் படித்தாள்: "வீட்டுக்கு வந்துட்டோம். பாப்பா டிரஸ் மாத்திட்டா. அண்ணி டீ போடறா."

டீச்சர் அழவில்லை. தரையில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நர்ஸ் சமையலறைக்குள் வந்து, பூண்டுக் கூடையை எடுத்து, நான் கேட்காமலே உரிக்க ஆரம்பித்தாள்.

மதியச் சாப்பாடு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் குக்கரை மட்டும்தான் கழுவ முடிந்தது. என் கணவர் ஊரில் செய்கிற அரிசிம்பருப்புச் சாதம்தான் நினைவுக்கு வந்தது. கரண்டோ மிக்ஸியோ வேண்டாம், ஒரே குக்கர் போதும். அரிசியையும் துவரம்பருப்பையும் மழைத் தண்ணீரில் களைந்து, கடைசியாக ஒரு முறை மட்டும் கேன் தண்ணீரில் அலசினேன். எண்ணெயில் கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய். நர்ஸ் உரித்த பூண்டை முழுசாகவே போட்டேன். சின்ன வெங்காயம், ஒரு தக்காளி, மஞ்சள் தூள். எல்லாவற்றையும் வதக்கி, அரிசி பருப்பைச் சேர்த்து, தண்ணீர் ஊற்றி மூடினேன். விசில் வந்ததும் வீடு முழுக்க வாசனை. நெய்யை ஊற்றிக் கிளறி, தட்டு கழுவ முடியாது என்பதால் குக்கரை அப்படியே கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தேன். மூன்று ஸ்பூன்.

டீச்சர் வேண்டாம் என்றாள். "அங்க பாப்பா சாப்பிட்டிருப்பா. நீயும் சாப்பிடு" என்றாள் நர்ஸ், குக்கரைப் பார்த்தபடியே. டீச்சர் ஸ்பூனை எடுத்தாள். ஹாஸ்டலில் இப்படி ஒரே பாத்திரத்தில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறோம். அன்று யாரும் அதைச் சொல்லவில்லை. ஸ்பூன்கள் அடிக்கடி மோதிக்கொண்டன.

பாதியில் நர்ஸ் கேட்டாள்: "அவ்ளோ நல்லவரா தெரிஞ்சவரை, அன்னைக்கு நேர்ல கூப்பிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? ஆள்கிட்ட சொல்லி அனுப்பின."

"சொல்லியிருக்கணும்" என்றாள் டீச்சர். "பயந்துட்டேன்."

நர்ஸ் மன்னித்ததாகத் தெரியவில்லை. குக்கர் அடியில் ஒட்டியிருந்த தீய்ந்த பருக்கைகளைச் சுரண்டி எடுத்துத் தின்றாள். சாப்பிட்டு முடித்ததும் அவள் பால்கனிப் பக்கமும் இவள் சோபாவிலுமாகப் படுத்துக்கொண்டார்கள்.

காலையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. வாட்ச்மேன் ஒரு டிராக்டரை நிறுத்தி இருவரையும் ஏற்றிவிட்டார். எதிரெதிர் மூலையில் நின்றுகொண்டுதான் போனார்கள்.

டீச்சர் நேராக அந்த வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள். மகளைக் கூட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிடத்தான் நினைத்தாளாம். அவர் மனைவி உள்ளே வரச் சொல்லி உட்கார வைத்து, சூடாக ரவா உப்புமா கொடுத்திருக்கிறார். "என் பொண்ணு உப்புமாவே தொட மாட்டாடி. அங்க ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுறா" என்று போனில் என்னிடம் சொன்னாள். அவரிடம் அன்றைக்குச் சொல்லாததைச் சொன்னாளா என்று கேட்டேன். "சொன்னேன்" என்றாள். அவர் என்ன சொன்னார் என்பதை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போதும் நான் கூப்பிட்டால் இருவரும் வருகிறார்கள். சமைப்பது பழைய மாதிரிதான். ஒரு குக்கர், ஒரு பச்சடி. அவர்கள் நேராகப் பேசிக்கொள்வது குறைவு. போன தடவை நர்ஸ் கிளம்பும்போது, "பாப்பா எப்படிப் படிக்கிறா?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கிறாள் என்று நினைத்து நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் பதில் சொல்லிவிட்டாள்.