திரும்பி வந்த மிட்டாய்ப் பெட்டி

போன வருடம் ஆவணி மாதம் நடந்தது இது. ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். நான் லாரிகளுக்குத் தார்பாய் தைக்கிற தொழிலாளி. பள்ளிக்கூடத்தில் பாதியிலேயே நின்றுவிட்டவன். அதனால் என் எழுத்தில் முன்பின் இருந்தால் குழந்தைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகள் அப்போது நான்காம் வகுப்பு. அவளுக்கு ஒரு தோழி உண்டு. ஒரே பெஞ்சு, ஒரே தண்ணீர் பாட்டில் என்று இருந்தவர்கள். அந்தத் தோழியின் அப்பாவுக்குக் கோழிப்பண்ணையில் வேலை. குடியிருப்பதும் பண்ணைக்கு உள்ளேயே ஒரு சின்ன வீட்டில். ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கோழி என்றால் பயம்! சுற்றிலும் ஆயிரக்கணக்கில் கோழிகள், நடுவில் இப்படி ஒரு பிள்ளை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு என் மகளிடம் மட்டும் இதைச் சொல்லியிருக்கிறாள்.

ஒருநாள் வகுப்பில் டீச்சர், யாருக்கு எது பயம் என்று கேட்டிருக்கிறார். பாம்பு, பல்லி, இருட்டு என்று ஆளுக்கு ஒன்று சொல்ல, என் மகள் துள்ளி எழுந்து தோழியின் பயத்தைச் சொல்லிவிட்டாள். கெட்ட எண்ணம் எல்லாம் இல்லை. தெரிந்ததைச் சொல்கிற ஆர்வம்தான். அன்றிலிருந்து பையன்கள் அந்தப் பிள்ளையைப் பார்க்கும் போதெல்லாம் ‘பக் பக் பக்’ என்று கத்த ஆரம்பித்தார்கள். அவள் பெஞ்சு மாறிப் போய்விட்டாள். பேச்சும் நின்றுவிட்டது.

என் மகள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் முன்னால் வந்து நின்றாள்.

“அப்பா, நாளைக்கு அவளுக்குப் பொறந்தநாள். காயிதத்துல ஒரு டப்பா செஞ்சு, உள்ள மிட்டாய் போட்டுக் குடுக்கணும்.”

“கோவமா இருக்கறவளுக்கு எதுக்கு சாமி மிட்டாய்?”

“கோவமா இருக்கறதுனாலதாம்ப்பா.”

“அப்ப கடையில நல்ல டப்பாவா வாங்கிக்கலாமே?”

“கடையில வாங்குனா அது கடைக்காரர் செஞ்சது. நான் செஞ்சதுன்னு எப்படிச் சொல்றது?”

சார்ட் பேப்பர் வாங்கி வந்தேன். செல்போனில் ஒரு வீடியோவைப் போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அதில் ஒரு அம்மா பேசிக்கொண்டே நாலு மடிப்பு மடித்தார். பெட்டி வந்துவிட்டது. நாங்களும் நாலு மடிப்பு மடித்தோம். எங்களுக்குக் கப்பல் மாதிரி ஒன்று வந்தது. அவர் வலது பக்கம் மடிப்பது எங்களுக்கு இடது பக்கமாகத் தெரிகிறதா, இல்லை நாங்களே தலைகீழாக உட்கார்ந்திருக்கிறோமா என்று புரியவில்லை. போனைத் திருப்பிப் பார்த்தோம். படமும் கூடவே திரும்பிக்கொண்டது.

எப்படியோ ஒரு பெட்டி செய்தோம். அதே அளவில் இன்னொரு தாளை வெட்டி மூடியும் செய்தோம். மூடி பெட்டிமேல் ஏறவே இல்லை. பிரித்து மறுபடி மடித்தேன். அப்போதும் ஏறவில்லை. அளவு கொஞ்சம்கூட மாறவில்லை, அப்புறம் ஏன் சேரமாட்டேன் என்கிறது என்று எனக்கு ஒரே குழப்பம்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். “லாரியவே மூடுற ஆளு, ஒரு மிட்டாய் டப்பாவுக்கு மூடி போடத் தெரியலீங்களா?”

கேலிக்குத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அப்போதுதான் உறைத்தது. லாரியில் ஏற்றிய சரக்கின் அளவுக்கே தார்பாயை யாராவது வெட்டுவார்களா? எல்லாப் பக்கமும் கொஞ்சம் கூட விட்டுத்தானே வெட்டுவோம்? மூடிக்கான தாளை ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், பெரிதாக வெட்டினேன். மூலைகளை வீடியோ சொன்னபடி இல்லாமல், தார்பாய் மூலையை உள்ளே தள்ளி மடிப்போமே, அதே மாதிரி மடித்தேன். மைதாப் பசை காய்ச்சி, உள்பக்கம் பழைய காலண்டர் அட்டையை வெட்டி ஒட்டினேன். மூடி கச்சிதமாக உட்கார்ந்தது. குழந்தைகளே, நீங்கள் செய்தால் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை விட மூடி கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும்.

முதலில் தேன்மிட்டாயைத்தான் வைத்தோம். பாகு கசிந்து தாள் ஊறப் பார்த்தது. அவசரமாக எடுத்துவிட்டு, ஆரஞ்சு சுளை மிட்டாயும் காகிதம் சுற்றிய புளிப்பு மிட்டாயும் தேங்காய் மிட்டாயும் போட்டு நிரப்பினோம். மகள் மூடியின் மேல் பூ வரைந்தாள்.

எல்லாம் முடிந்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. தைத்து முடித்த தார்பாயின் மூலையில் வண்டிக்காரர் பேரையும் ஊரையும் பெயிண்டில் எழுதிக் கொடுப்பது எங்கள் பட்டறையில் வழக்கம். சரக்கு இறக்கும் இடத்தில் பல வண்டிகளின் தார்பாய் ஒன்றாகக் கிடக்கும். மாறிப் போய்விடக் கூடாது அல்லவா? அந்தப் பழக்கத்தில், பெட்டியின் அடியில் என் மகளின் பேரையும் ஊரையும் சிவப்புப் பெயிண்டில் அழகாக எழுதினேன்.

“நல்லதாப் போச்சுப்பா. யாரு குடுத்ததுன்னு அவளுக்கு மறக்காது” என்றாள் மகள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் ஓடி வந்தாள். தோழி புது கவுன் போட்டு வந்தாளாம். பெட்டியை நீட்டியதும் வாங்கிக்கொண்டாளாம். பேசவில்லை. ஆனால் மூடியை மெதுவாகத் தடவிப் பார்த்தாளாம்.

“தடவிப் பாத்தான்னா என்னப்பா அர்த்தம்?”

“புடிச்சிருக்குன்னுதான் அர்த்தம் சாமி” என்றேன். அன்றைக்கு அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மறுநாள் நான் பட்டறையிலிருந்து வந்தபோது மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்தப் பெட்டி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“திருப்பிக் குடுத்துட்டாப்பா” என்றாள். “என்ற பையி மேல வெச்சா. மூஞ்சிய உர்ருன்னு வெச்சிருந்தா. நான் கூப்புடக் கூப்புட ஓடிப் போயிட்டா.”

பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். கனமாக இருந்தது. ஒரு மிட்டாய்கூடத் தொடாமல் திருப்பிவிட்டார்களா? திறந்து பார்த்தால் உள்ளே வறுத்த நிலக்கடலை! மேலே ஒரு அச்சு வெல்லத் துண்டு. மிட்டாய் ஒன்றுகூட இல்லை.

கோபம் என்றால் எதற்குக் கடலையும் வெல்லமும்? கோபம் இல்லை என்றால் எதற்குப் பெட்டியைத் திருப்ப வேண்டும்? என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் கடலையைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“நம்ம மிட்டாய்க்கு அவங்க கடலை. சரிக்குச் சரி ஆயிப்போச்சு, இனி உங்க சகவாசமே வேண்டாம்ங்கறாங்களோ என்னமோ!”

இதைக் கேட்டதும் மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். “இனிமேல் அவ பேசவே மாட்டாளா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“எந்திரி சாமி. நேராப் போயே கேட்டுப்போடலாம்.”

கடலையை ஒரு தட்டில் கொட்டிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் வண்டியைக் கிளப்பினேன். மனைவி பின்னாலேயே ஓடி வந்தாள்.

“ஏனுங்க, வெறும் டப்பாவையா எடுத்துட்டுப் போறீங்க? நல்லாவா இருக்கும்?” என்று சொல்லிக்கொண்டே, கையில் எடுத்து வந்த முறுக்குகளை உடைத்துப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

மூடியவள் அப்படியே நின்றுவிட்டாள். நானும் வண்டியை அணைத்துவிட்டேன். கொடுத்துவிட்ட பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போடுவார்கள். அவர்களும் இதைத்தான் செய்தார்களா? அப்படியே இருந்தாலும், இது என்ன சில்வர் டப்பாவா? காகிதப் பெட்டி. பிள்ளைக்கென்று கொடுத்தது. இதை ஏன் திருப்ப வேண்டும்? குழப்பம் பாதிதான் தீர்ந்தது.

பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீர் ஊற்றிய தொட்டி ஒன்று இருக்கும். கோழிகளுக்கு நோய் வராமல் இருக்க, உள்ளே போகிறவர்கள் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நான் நனைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், மகள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தப் பக்கமே நின்றாள்.

“வேண்டாம்ப்பா, போயிரலாம். நிசமாவே கோவம்னு சொல்லிட்டா?”

எனக்கும் அதே பயம்தான். அதைக் காட்டிக்கொள்ளாமல் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன்.

தோழியின் அம்மா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். எங்களையும் பெட்டியையும் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“வாங்கண்ணா. ஏனுங்க, கடலை நல்லா இல்லீங்களா? திருப்பிக் கொண்டாந்துட்டீங்க?”

“அய்யோ, அதில்ல அம்மணி. நீங்க எதுக்கு டப்பாவத் திருப்பிக் குடுத்து உட்டீங்க?”

“உங்க டப்பாவ உங்களுக்குத் திருப்பாம?”

“எங்க டப்பா இல்லீங்க. பாப்பாவுக்குன்னு செஞ்சு குடுத்தது.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பெட்டியை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார். முறுக்கு உள்ளே கடகடவென்று உருண்டது. சிவப்புப் பெயிண்டை விரலால் தொட்டுக் காட்டினார்.

“அடியில பேரும் ஊரும் போட்டிருக்குதுங்களே! பேரு போட்ட ஏனத்த நாம எப்படிங்கண்ணா வெச்சுக்கறது?”

தார்பாய் மாறிப் போகாமல் இருக்க எழுதுகிற பழக்கத்தில் எழுதிவிட்டேன். எங்கள் வீட்டிலும் ஒவ்வொரு ஏனத்தின் விளிம்பிலும் பேர் வெட்டித்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாத்திரம் வந்தால் நாங்களும் பேரைப் பார்த்துத்தானே திருப்பிக் கொடுக்கிறோம்?

“எம் புள்ள ராத்திரியெல்லாம் அதப் பக்கத்துல வெச்சுட்டுத்தான் தூங்குனா” என்றார் அந்த அம்மா. “காலைல, நானே வெச்சுக்கறேன்னு ஒரே அழுகை. நான்தான் சத்தம் போட்டு, அடுத்தூட்டுச் சாமானுக்கு ஆசைப்படக் கூடாது, கொண்டு போயிக் குடுன்னு தள்ளி உட்டேன்.”

கதவுக்குப் பின்னால் ஒரு சின்ன முகம் தெரிந்தது.

“அப்ப அது எனக்கா?”

“உனக்குத்தான் செஞ்சோம்” என்றாள் என் மகள். பிறகு மூச்சு விடாமல், “நான் கோழி விசயத்தச் சொல்லியிருக்கக் கூடாது” என்றாள்.

அந்தப் பிள்ளை கதவிடுக்கு வழியாகப் பெட்டியைப் பார்த்தது. “அதுக்கு இன்னும் கோவந்தான். டப்பாவுக்குக் கோவமில்ல.”

அந்த நேரம் பார்த்து, எப்படியோ கூண்டிலிருந்து தப்பிய வெள்ளைக் கோழி ஒன்று ஷெட்டுக்கு அடியிலிருந்து இறக்கையை அடித்துக்கொண்டு எங்கள் நடுவில் பாய்ந்தது. அந்தப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டது. என் மகளோ “அய்யோ அப்பா!” என்று அலறி என் முதுகில் ஏறிவிட்டாள். அவளும் உயிருள்ள கோழியை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. குழம்பில்தான் பார்த்திருக்கிறாள்.

கதவு லேசாகத் திறந்தது. “நீயும் பயப்படறே!” என்று ஒரு குரல். அடுத்து ஒரு சிரிப்பு. என் முதுகில் இருந்தபடியே என் மகளும் சிரித்தாள். “நாளைக்கு நானே கிளாஸ்ல சொல்லிடறேன், எனக்கும் பயம்னு” என்றாள்.

பிறகு மகள் ஒரு பேனா வாங்கி, தன் பேரை அடிக்காமல், அதன் பக்கத்தில் தோழியின் பேரை எழுதினாள். “இப்ப ரெண்டு பேரு இருக்குது. இது யாரூட்டு ஏனம்னு எடுத்துக்கறது?” என்று கேட்டார் அந்த அம்மா. எனக்கும் தெரியவில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது போல. முறுக்கைத் தின்றுகொண்டு அவர்கள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா ஒரு தூக்குப்போசி நிறைய முட்டை கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதன் மூடியில் அவர் பேர் வெட்டியிருந்தது. மனைவி அப்போதே அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள். போசியை வெறுமையாக அனுப்ப முடியாதே!

அந்தப் பெட்டி இப்போது ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே என்று இருக்கிறது. ஓரமெல்லாம் நைந்துவிட்டது. ஆனால் என் மனதில் நின்றது பெட்டி இல்லை, அன்று என் மகள் சொன்ன அந்த ‘உர்’ என்ற முகம்தான். நாங்கள் மூன்று பேரும் அதைக் கோபம் என்றே முடிவு கட்டியிருந்தோம். ஆசைப்பட்ட ஒன்றைக் கையை விட்டுக் கொடுக்கிற பிள்ளையின் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. குழந்தைகளே, இப்போதெல்லாம் யாராவது என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால், நான் முதலில் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. மனமில்லாமல் எதை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று அவர்கள் கையைத்தான் பார்க்கிறேன்.