மாடி வீட்டு முற்றுகை

புதுச்சேரி லாஸ்பேட்டையில் நாங்கள் மாடியில் குடியிருந்த வீட்டின் ஓனருக்கு, ரிட்டயர் ஆனதும் சாமுராய் பைத்தியம் பிடித்தது. நாளெல்லாம் செல்போனில் ஜப்பான் கோட்டைகளைப் பார்ப்பார். பார்த்ததை என்னை வாசலில் நிறுத்தி வைத்துச் சொல்வார்.

"கெட்டிக்காரத் தளபதி மதில்ல ஏறமாட்டாம்மா. மொதல்ல சுத்துப்பட்டு அரிசியெல்லாம் கூட வெல குடுத்து வாங்கிடுவான். ஆசப்பட்டு கோட்டைக்காரனே களஞ்சியத்துலேர்ந்து எடுத்து விப்பான். அப்புறம் தண்ணி வர்ற வழிய அடைச்சிட்டு உக்காந்துட வேண்டியதுதான்."

உள்ளே பிள்ளைகள் இருந்திருக்குமே என்று கேட்டேன். அது வீடியோவில் வரவில்லையாம். இடுப்பில் வாளை வைத்துக்கொண்டு அடுத்தவன் வயிறு காய்வதை உட்கார்ந்து பார்த்தவனுக்கு வீரன் என்று பெயர். அவனைக் கொண்டாட இப்படி ஒரு ஆள்.

மாடியை டூரிஸ்ட்டுகளுக்கு விட்டால் நல்ல வாடகை வரும் என்று யாரோ அவர் காதில் போட்டார்கள். உடனே காலி பண்ணச் சொன்னார். என் மகளுக்கு பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருந்தது. முடிந்ததும் போய்விடுகிறோம் என்றேன். தலையாட்டினார். மறுநாள் காலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மோட்டார் சுவிட்ச் கீழே அவர் வீட்டுக்குள் இருந்தது. கேன் தண்ணீர்க் கடையிலும் எங்களுக்குப் போடாதே என்று சொல்லி வைத்திருந்தார். அடுத்த நாள் கணக்குப் பரீட்சை. மகள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுதாள்.

அப்போது அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், இடுப்பில் குடத்தோடு படியேறி வந்தார். இன்னொரு நடையில் வைத்திக்குப்பத்து மீனும் மசாலாவும் வந்தன.

"பரீட்ச முடியிற வரைக்கும் எனக்கு சமையல் இங்கதான்," என்று எங்கள் அடுப்பைப் பற்றவைத்தார்.

இத்தனை கோட்டைகளைக் கரைத்துக் குடித்த மனுஷருக்கு, முற்றுகை போடுகிறவனுக்கும் யாராவது உலை வைக்க வேண்டும் என்பது தெரியவில்லை. சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாத ஆள். ஜப்பான்காரன் மாதக்கணக்கில் காத்திருப்பானாம். இவருக்கு மத்தியானம் தாண்டவில்லை. குழம்பு வாசம் கீழே போனதும் படியில் வந்து நின்றார்.

"சாப்பாடு ஆச்சா?" என்று மனைவியைக் கேட்டார்.

"ஆச்சு. மோட்டாரப் போட்டுட்டு வாங்க." அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இறங்கிப் போனார். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து தட்டின் முன் உட்கார்ந்தவருக்கு நானே சோறு போட்டேன். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார். வெட்கங்கெட்ட வயிறு. கடைசிப் பரீட்சைவரை எங்கள் குழாயில் தண்ணீர் வருவது நிற்கவில்லை.