தீவுப்படம் இல்லாத புத்தகம்

புலமைப்பரிசில் பரீட்சையில் நான் பாஸ் பண்ணினால் என்ன கேட்டாலும் வாங்கித் தருவதாக அப்பா வாய் தவறிச் சொல்லிவிட்டார். சைக்கிள் கேட்பேன் என்று பயந்திருக்க வேண்டும். பாஸ் பண்ணிவிட்டு நான் கேட்டது ஒரு கதைப்புத்தகம் என்றதும் அவர் விட்ட பெருமூச்சை அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

ஆளில்லாத தீவொன்றில் ஒதுங்கிய நாலு பிள்ளைகளின் கதை அது. எங்கள் ரீச்சர் பாதி வரைக்கும் வாசித்துக் காட்டிவிட்டு இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார். அந்தப் பிள்ளைகள் தப்பினார்களா இல்லையா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அது தொண்ணூற்றெட்டு, சண்டைக்காலம். அப்பா ஒரு நாள் கடலுக்குப் போகாமல், பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, ஊர்காவற்றுறையிலிருந்து என்னை யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார்.

கடையில் அதே கதை இரண்டு விதமாக இருந்தது. ஒன்று மெலிந்தது, மங்கல் தாள், படமே இல்லை. மற்றது கெட்டி அட்டை, வழுவழுத்த தாள், பக்கத்துக்குப் பக்கம் வர்ணப் படம். அதைத் தொட்ட பிறகு மற்றதை யார் பார்ப்பார்கள்? அப்பாவும் ஆசையாகத்தான் புரட்டினார். வள்ளத்தின் படத்தைப் பார்த்து, கீறினவன் கெட்டிக்காரன் என்றார். புத்தகத்தின் கடைசியில் மடித்து வைத்திருந்த பெரிய தாளை விரித்தார். முழுத் தீவின் வரைபடம். கரை, பாறை, பாதை, பிள்ளைகள் ஒளிந்திருந்த குகைக்குச் சிவப்புப் புள்ளி. அப்பா வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு அதை மடித்தார்.

கடைக்காரர் மெலிந்த புத்தகத்தை முன்னால் தள்ளினார். "இதிலை உந்த வரைபடம் இல்லை, அண்ணை."

நான் தடித்த புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழத் தொடங்கினேன். அப்பா காசைக் கொடுத்துவிட்டுக் கடைக்காரரிடம் சவர பிளேட் ஒன்று கேட்டார். நூல் பிரியாமல், கிழிந்த வலை பொத்துகிற கவனத்தோடு, அந்தத் தாளை மட்டும் வெட்டி எடுத்துக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டார்.

"அந்தத் தாள் பழுது, பிள்ளை. அச்சிலை பிழைச்சுப் போச்சுது."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பழுதான தாளென்றால் நான் பார்க்கமாட்டேனா?

திரும்பி வரும்போது மண்டைதீவுச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் பஸ்ஸால் இறக்கி, பைகளிலிருந்த தாள்களையெல்லாம் விரித்துப் பார்த்தார்கள். நேவிக்காரன் ஒருவன் என் பையைத் திறந்து புத்தகத்தை எடுத்தான். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். படங்களைப் பார்க்கப் பார்க்க அவனுக்கும் சிரிப்பு வந்தது. அட, ரசிக்கத் தெரிந்த ஆளாக இருக்கிறானே என்று எனக்கு அவனைப் பிடித்துப் போயிற்று. நியாயம் கேட்க இவனை விட்டால் ஆளில்லை.

"இதிலை ஒரு படம் குறையுது," என்றேன். "தீவுப்படம். அப்பா வெட்டிப் போட்டார்."

என் தோளில் இருந்த அப்பாவின் கை இறுகி வலித்தது. நேவிக்காரன் என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. "வடிவு," என்று தெரிந்த ஒரே சொல்லைச் சொல்லிப் புத்தகத்தைத் திருப்பித் தந்தான். வீடு வரும்வரை அப்பா என்னை ஏசவே இல்லை. எனக்கு அது இன்னும் கோபத்தைக் கூட்டியது.

பின்னேரம் அவர் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். ஈரமணலில் குந்தியிருந்து ஒரு குச்சியால் கீறத் தொடங்கினார். கரை, பாறை, பாதை, எல்லாம். கடையில் ஒரேயொரு தரம் பார்த்தது. குகை வருகிற இடத்தில் ஒரு சிப்பியை வைத்தார். அதுதானே என்று கேட்டார். ஓம் என்றேன். கோபமெல்லாம் போய்விட்டது.

இருட்டுவதற்கு முன் எழும்பியவர், சிப்பியைத் தூக்கிக் கடலில் எறிந்துவிட்டு, கீறினதை ஒரு கோடுகூட மிஞ்சாமல் காலால் அழித்தார். அழித்த இடத்தைத் திரும்பவும் அழித்தார். அந்தப் பிள்ளைகள் ஒளிந்திருக்கும் இடத்தை வேறு யாரும் கண்டுவிடக் கூடாதென்று அப்பாவுக்கு எவ்வளவு அக்கறை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.