கண்டெய்னர் கதவில் வைத்த பொட்டு

தூத்துக்குடி போகிற ரோட்டில் கண்டெய்னர் லாரி எதிரே வந்தால் என் வலது கை தானாக மூடிக்கொள்கிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். திருப்பின பிறகும் அது கடந்து போகிறவரை காது அங்கேதான் இருக்கும். இரும்புக்குள்ளே ஏதாவது கேட்கிறதா என்று.

நான் பள்ளிக்கூடத்தில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறவள். ஏற்றுமதிப் பாடம் வரும்போதெல்லாம் எங்கள் கோவில்பட்டியைத்தான் உதாரணம் காட்டுவேன். "நம்ம ஊர்லயே வித்து நம்ம ஊர்லயே வாங்குனா காசு ஒரே தொட்டித் தண்ணி மாதிரி சுத்திக்கிட்டே கிடக்கும். வெளியூர்க்காரன் வாங்குனாத்தான் தொட்டிக்குள்ள புதுத் தண்ணி விழும்" என்பேன். கரிசல் பூமியில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தண்ணீரை வைத்துச் சொன்னால் எதுவும் புரிந்துவிடும். ஒரு பையன் மட்டும் கேட்டான்: "அப்ப நம்ம தொட்டித் தண்ணி வெளிய போகாதா டீச்சர்?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். எங்கள் தெருவில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி இருக்கிறார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். டீக்கடைகளில் பிளாஸ்டிக் லைட்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட ஆரம்பித்ததும் உள்ளூர் விற்பனை படுத்துவிட்டது. வாரத்தில் பாதி நாள் ஷெட்டைப் பூட்டி வைத்திருந்தார். அப்புறம்தான் ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டிலிருந்து ஆர்டர் வந்தது. லேபிளில் வரிக்குதிரை படம் வேண்டும் என்று கேட்டார்கள். ஒட்டுகிற பெண்களில் ஒருத்தி, "இந்தக் கழுதைக்கு யாரு பட்டை அடிச்சு விட்டது?" என்று கேட்டதை அண்ணாச்சி தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

என் மகள் பி.காம் முடித்திருந்த நேரம் அது. கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயிலேறிக்கொண்டிருந்தார்கள். ஒற்றைப் பிள்ளை. அவளை ஏற்றிவிட ஸ்டேஷனுக்குப் போகிற மாதிரி நினைத்துக்கூடப் பார்க்க மாட்டேன். மணியாச்சியில் ரயில்வே வேலை பார்க்கிற அவள் அப்பாவோ, "போனா போயிட்டு வரட்டும், ரயிலு நம்மளதுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். "டீச்சர், ஏற்றுமதி பேப்பரெல்லாம் பாக்கதுக்கு இங்கிலீஷ் தெரிஞ்ச பிள்ளை வேணும். வெளியூர்ல எதுக்குத் தேடணும்? நம்ம பாப்பாவே இருக்கா. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுல இருப்பா."

அந்தக் கடைசி வார்த்தையில் நான் விழுந்தேன். உலகத்துக்குச் சரக்கு அனுப்புகிற வேலை என் பிள்ளையை வீட்டோடு வைத்திருக்கும் என்றால், நான் வகுப்பில் சொல்வதெல்லாம் உண்மைதான் என்று தோன்றியது.

முதல் கண்டெய்னர் வைகாசியில் வந்தது. பள்ளிக்கூடம் லீவு. பூஜைக்கு வரச்சொல்லி அண்ணாச்சி என்னையும் கூப்பிட்டிருந்தார்.

தீப்பெட்டி ஆபீஸ் காம்பவுண்டுக்குள் நெருப்புக்கு இடமில்லை. பீடி, லைட்டர், செல்போன் எல்லாவற்றையும் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சூடம்கூட உள்ளே ஏற்ற மாட்டார்கள். ஆயுதபூஜைக்கு எல்லோரும் வெளியே வந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில்தான் சூடம் காட்டுவார்கள். இது அங்கே காலம்காலமாக உள்ள வழக்கம்.

பிறகு எனக்குத் தெரியவந்த ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். காலிக் கண்டெய்னர் வந்து நின்றதும் சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் ஒருவர் அதற்குள் போக வேண்டும். வெளியிலிருந்து இரண்டு கதவையும் இறுக்கிச் சாத்திக் கம்பியைப் போட்டுவிடுவார்கள். உள்ளே இருப்பவர் இருட்டில் நின்று நாலாபுறமும் பார்ப்பார். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே ஓட்டை என்று அர்த்தம். கடலில் மழைத்தண்ணி அந்த வழியாக இறங்கினால் அத்தனை குச்சியும் நமத்துப்போகும். பார்த்து முடித்ததும் உள்ளே இருந்து தட்டினால் வெளியே நிற்பவர் திறந்துவிடுவார்.

அன்றைக்கு உள்ளே போனது என் மகள். கதவைச் சாத்தியவர் மேஸ்திரி. சாத்தின கையோடு கேட்டிலிருந்து அண்ணாச்சி சத்தம் போட்டார்: "ஏய், பூசணிக்காய எங்கய்யா? ராகுகாலம் வந்துரப்போவுது!" ஓடிப்போய் எடுத்துக்கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று மேஸ்திரி போனார். போனால் பூசணிக்காயே வாங்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அந்த நேரத்தில் அண்ணாச்சி டிரைவரைக் கூப்பிட்டு, வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். சூடம் வெளியேதானே காட்ட முடியும்? டிரைவர் பின்னால் போய்ப் பார்த்தார். கதவு சாத்தி, கம்பி போட்டிருந்தது. ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று வண்டியை எடுத்தார்.

கண்டெய்னர் கேட்டைத் தாண்டி வந்து வேப்பமரத்துக்கு எதிரே நின்றது. நல்ல வெயில். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மைக்செட்டில் நாதஸ்வரம். வண்டி நின்றாலும் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"அவளை எங்க காணோம்?" என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல கஸ்டம்ஸ் பேப்பர் பாத்துக்கிட்டிருப்பா டீச்சர். பொறுப்பான பிள்ளைல்லா. வந்துருவா" என்றார் அண்ணாச்சி.

பூசணிக்காயோடு மேஸ்திரி வந்தார். வண்டி ரோட்டில் நிற்பதைப் பார்த்ததும், யாரோ பாப்பாவை இறக்கிவிட்டுத்தான் எடுத்து வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். அவரை நான் குற்றம் சொல்லவில்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார்கள். பூசணிக்காயைச் சுற்றிப் போட்டார்கள். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அண்ணாச்சி சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். "பாப்பா கைராசிலதான் இந்த ஆர்டரே. அவளைப் பெத்தவிய நீங்க பொட்டு வைங்க."

பின்பக்கம் போனேன். சந்தனத்தை எடுத்துக் கதவில் வைத்தேன். இரும்பு சுட்டது. சந்தனம் வைத்த மாத்திரத்தில் காய்ந்துபோனது. அதன்மேல் குங்குமம் வைத்தேன். உள்ளங்கையை ஒரு நிமிஷம் கதவில் பதித்து, என் பிள்ளை நல்லா இருக்கணும் என்று வேண்டினேன். கைக்கடியில் இரும்பு அதிர்ந்தது. என்ஜின் ஓடுகிறதே என்று நினைத்தேன்.

இப்போது எழுதும்போதும் அந்த அதிர்வு உள்ளங்கையில் இருக்கிறது.

எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றி இறக்கிவிட்டு டிரைவர் என்ஜினை அணைத்தார். அல்வா கொடுக்க ஆரம்பித்தார்கள். நான் குங்குமக் கிண்ணத்தைக் கீழே வைக்கப் போனவள், பொட்டு ஒரு பக்கமாக உதிர்ந்திருப்பதைப் பார்த்துச் சரிசெய்வதற்காகத் திரும்பவும் கதவைத் தொட்டேன்.

என்ஜின் நின்றுவிட்டது. கதவு அதிர்ந்துகொண்டிருந்தது.

என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. அவள் பெயரைச் சொல்லிக் கத்தியதாகச் சொல்கிறார்கள். மேஸ்திரி அல்வாவைப் போட்டுவிட்டு ஓடிவந்தது நினைவிருக்கிறது. கம்பியைத் தூக்கப்போன அவர் கை அல்வா நெய்யில் வழுக்கியது. டிரைவர் வந்து ஒரே இழுப்பில் திறந்தார்.

அனல் அடித்தது. அவள் கதவோரத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். சுடிதார் முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முஷ்டி இரண்டும் தோலுரிந்து கிடந்தது. உதடு வெளுத்துப்போயிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. அண்ணாச்சியைப் பார்த்து, குரலே இல்லாமல் சொன்னாள்: "ஓட்டை ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஒரு பொட்டு வெளிச்சம் வரல."

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அண்ணாச்சி இளநீரை மடியில் வைத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். எவ்வளவு நேரம் உள்ளே இருந்தாள் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். நான் யாரிடமும் திரும்பக் கேட்கவில்லை.

கப்பல் காத்திருக்காது என்று அன்று சாயங்காலமே அதே கண்டெய்னரில் சரக்கு ஏற்றினார்கள். அவள் சொன்னது சரிதான், ஓட்டை கிடையாது. என் குங்குமத்தோடு அது துறைமுகத்துக்குப் போனது. உள்பக்கம் அவள் முஷ்டி பட்ட இடத்தை யாரும் துடைத்திருக்க மாட்டார்கள். எந்தக் கரையில் எந்த மனுஷன் அந்தக் கதவைத் திறந்தானோ? பொட்டைப் பார்த்து அழுக்கு என்று நினைத்திருப்பான்.

பணம் வந்தது. இரண்டாவது ஆர்டர் வந்தது. ஷெட் வாரம் முழுக்கத் திறந்தது. ஓட்டப்பிடாரம் பக்கமிருந்து பெண்கள் வேன் ஏறி வந்தார்கள். அட்டைப்பெட்டிக்காரர், வேன்காரர், எதிரே புதிதாகப் போட்ட டீக்கடை என்று நான் பாடத்தில் சொன்னதெல்லாம் கண்முன்னால் நடந்தது. வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது தொட்டி உதாரணத்தை விட்டுவிட்டேன். புத்தகத்தை அப்படியே வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஒருநாள் பைபாஸ் டீக்கடையில் ஒரு கண்டெய்னர் லாரி நின்றது. நான் எழுந்து போய் அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். டம்ளரோடு வந்த டிரைவர், "என்னக்கா, காய்ச்சல் அடிக்குதான்னு பாக்குதீங்களா?" என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டேன். "பஞ்சுக்கா. பஞ்சு என்ன பேசவா போவுது?" என்றார். அவர் வண்டியை எடுக்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.

மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரமே வேலைக்குப் போய்விட்டாள். நான் தடுத்தேன்.

"ஏட்டி, உனக்கு இந்த வேலை வேண்டாம். சொன்னாக் கேளு."

"இத விட்டா சென்னைக்குத்தாம்மா போவணும். பரவால்லயா?"

அவள் விளக்கைப் போடாமல் தூங்குவதில்லை. குளிக்கும்போது கதவைத் தாழ்போடுவதில்லை.

"வேற யாரையாவது உள்ள அனுப்பச் சொல்லேன்."

"யாரை அனுப்பச் சொல்லுத? அவங்களுக்கும் அம்மா இருப்பால்லா?" செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நீ வேணும்னா வந்து வெளிய நில்லு. மத்தவிய கதவைச் சாத்துனா எனக்கு நெஞ்சு படபடங்குது."

அண்ணாச்சி மறுப்புச் சொல்லவில்லை. அடுத்த கண்டெய்னர் வந்த அன்று நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். அவர் பூஜையை முன்னாலேயே முடித்துவிட்டு, லாரிச் சாவியை டிரைவரிடமிருந்து வாங்கி என் கையில் கொடுத்தார். கேட்டில் என் செல்போனை வாங்கிக்கொண்டார்கள். மகள் ஏறி உள்ளே போனாள். நடுவில் நின்று திரும்பி, "சாத்தும்மா" என்றாள்.

சாத்தினேன். இடது கதவு. அப்புறம் வலது. அவள் முகம் ஒரு கோடாகி, கோடும் போனது. கம்பியை இறக்கிவிட்டு, அன்றைக்கு வைத்த அதே இடத்தில் உள்ளங்கையை வைத்தேன். இரும்பு அசையாமல் இருந்தது. அதுதான் அதிகமாகப் பயமுறுத்தியது. பக்கத்தில் நின்ற மேஸ்திரி மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், நீங்க மூச்சு விடுங்க."

தட்டும் சத்தம் வந்தது. கம்பியை எப்படித் தூக்கினேனோ தெரியவில்லை.

அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "ஓட்டை இருக்கு அண்ணாச்சி. மேல, மூலையில. வெளிச்சம் நல்லா வருது. இந்தப் பெட்டி ஆவாது, வேற கேக்கணும்."

அண்ணாச்சி தலையில் கை வைத்தார். லாரி காலியாகத் திரும்பிப் போனது. நாளைக்கு வேறு பெட்டி வரும் என்றார்கள். கேட்டில் செல்போனைத் திரும்ப வாங்கி, நாளைக்கும் லீவு என்று பள்ளிக்கூடத்துக்குச் சொன்னேன்.