லொசா துடைக்காத சுவர்

உலகத்தின் தென்கோடியில், ஜூனில் குளிரடிக்கும் போரிருவாவில் எங்கள் தெருவுக்கு வந்து லொசா என்று கேட்டால், எந்த லொசா என்று யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். துடைக்கிற லொசா ஒருத்திதான். பத்தொன்பது வயதில் சமோவாத் தீவிலிருந்து ஒரு பெட்டியும் ஒரு பாயுமாக வந்து இறங்கியவள். முப்பத்தோரு வருடமாக ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைகளைத் துடைக்கிறாள். அது போதாதென்று வீட்டுக்கு வந்தும் துணியைக் கையில் எடுத்துவிடுவாள். அவள் கணவர் செமீசி, "நான் எந்திரிச்சு நின்னா என்னையும் துடைச்சிடுவா, அதான் உக்காந்தே இருக்கேன்" என்பார்.

அவர்கள் இருந்தது அரசாங்க வாடகை வீடு. அறுபது வருடத்து மரவீடு, தகரக் கூரை. இரண்டே படுக்கையறை. ஒன்றில் மகளும் அவளுடைய மூன்று பிள்ளைகளும். வெயிலே படாத தெற்குப் பக்கத்து அறை இவர்களுக்கு. அதன் மேல் தகரம் துருப்பிடித்துப்போய், மழை பெய்தால் தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கும். நாலு நாளில் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை படரும். லொசா ப்ளீச் போட்டுத் தேய்ப்பாள். மறுபடி படரும். இவளும் விடமாட்டாள், சுவரும் விடாது. நடுவில் மாட்டிக்கொண்டது செமீசியின் நெஞ்சு. இருபது வருடம் தொழிற்சாலைத் தூசியைக் குடித்த நெஞ்சு. அந்த அறையில் இன்னும் இரண்டு குளிர்காலம் போனால் தாங்காது என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்.

வீட்டுவசதி அலுவலகத்துக்கு நாலு வருடமாகப் போன் செய்தாள். புகார் எண் அவளுக்கு பைபிள் வசனம் மாதிரி மனப்பாடம். கூரைக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது என்பார்கள். பெயிண்டுக்கு ஒதுக்கிய பணம் மட்டும் என்ன மாயமோ, தீரவே தீராது. இரண்டு தரம் ஒருவன் வந்து பூஞ்சையின் மேலேயே வெள்ளையடித்துவிட்டுப் போனான்.

"எனக்கே சிரிப்பாத்தான் இருக்கு. ஆனா என் வேலைச் சீட்டுல பெயிண்ட்னுதான் போட்டிருக்கு" என்றான்.

கடைசியில் ஒரு பிப்ரவரியில் கடிதம் வந்தது. அதிகாரி வந்து வீட்டைப் பார்ப்பார், அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் கூரை. எங்கள் சமோவா ஆட்கள் யாராக இருந்தாலும் என்ன செய்வார்களோ, அதையே லொசாவும் செய்தாள். ஆள் வருகிறாரல்லவா, வீட்டைத் துடைத்தாள். இரண்டு நாள் லீவு போட்டுத் துடைத்தாள். சுவரைத் தேய்த்துப் பால் வெள்ளையாக்கி, மிச்சமிருந்த கறையை மறைக்கக் கல்யாணத்துக்குச் சீராக வந்த, மரப்பட்டையில் செய்த சித்திரத் துணியை விரித்து மாட்டினாள். வாழைப்பழப் பணியாரம் சுட்டாள்.

அதிகாரி டெரெக் முப்பது வயதுக்காரன், சாது. ஒன்பது பணியாரம் தின்றான். கைகழுவிவிட்டு, வீடு மிக நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக்கொண்டு போனான். இரண்டு வாரத்தில் அலுவலகம் லொசாவைப் பாராட்டிக் கடிதம் போட்டது. கூரைப் பட்டியலிலிருந்து அவள் வீட்டை எடுத்துவிட்டது.

பக்கத்து வீட்டு நைரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கடிதத்தைப் படித்தாள். இந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரிக்காரி, வாய் நீளம்.

"ஒழுகுற வீட்டைக் கல்யாண வீடாக்கிக் காட்டியிருக்கே. அவன் வேற என்னடி எழுதுவான்?"

"வர்ற மனுஷன்கிட்ட அழுக்கைக் காட்டச் சொல்றியா? நம்மளப் பத்தி என்ன நெனைப்பான்?"

"என்ன வேணா நெனைச்சிட்டுப் போறான். கூரை போடுவான்ல!"

ஜூனில் செமீசி மூச்சுவிட முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். பதினோரு நாள். லொசா வேலையை முடித்துவிட்டுப் பக்கெட்டோடு வந்து அவர் கட்டிலுக்கடியையும் ஒரு தரம் துடைத்துவிட்டு உட்காருவாள். அவர் தூங்கும்போது அழுவாள். தன் மானத்துக்காக அவர் மூச்சை அடகு வைத்துவிட்டோம் என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது.

நைரி அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கத்திக் கத்தி, அக்டோபரில் மறுபடி பார்வையிட நாள் வாங்கினாள். வாங்கியதும் லொசாவின் வீட்டுக்குள் வந்து ப்ளீச் பாட்டில்களையும் பிரஷ்ஷையும் அள்ளிக்கொண்டாள்.

"அவன் வர்ற வரைக்கும் அஞ்சு வாரம் அந்தச் சுவத்துல கை வெச்சே, உன் கையை ஒடைப்பேன்."

செமீசி முன்னறைச் சோபாவுக்கு மாறினார். காலில் பாதி வெளியே தொங்கும். படுக்கையறைக் கதவை லொசா சாத்தியே வைத்தாள். பாதிரியாரின் மனைவி வந்தபோது, உள்ளே பாய் காய்கிறது என்று பொய் சொல்லிவிட்டு, அந்த ஞாயிறு சர்ச்சில் அதற்காக மன்னிப்பும் கேட்டாள். மூன்றாவது வாரம் ஒருநாள் ஈரத்துணியோடு சுவர்முன் நின்றவளைச் செமீசி பிடித்துவிட்டார்.

"லொசா! கையை எடு."

"ஓரத்துல மட்டும் கொஞ்சம்..."

"ஓரமும் கெடையாது, நடுவும் கெடையாது. வா இந்தப் பக்கம்."

டெரெக் வந்தான். லொசா படுக்கையறைக் கதவைத் திறந்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள். தரையிலிருந்து கூரை வரை சுவர் கரியாக இருந்தது. டெரெக் தாளைப் பார்த்துக் கேள்விகளைப் படித்தான்.

"ஜன்னலைத் தெறந்து வெக்கிறீங்களா, லொசா? துணியை வீட்டுக்குள்ள காயப்போடுறீங்களா? சுவத்தை எவ்வளவு நாளைக்கு ஒரு தரம் துடைப்பீங்க?"

வாழ்நாளில் யாரிடமும் குரல் உயர்த்தாதவள் லொசா. அந்தக் கடைசிக் கேள்வியில் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. டெரெக்கின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று சமையலறைக்கு இழுத்துப்போனாள். அவன் விரலைக் குளிர்சாதனப் பெட்டியின் தலையில் வைத்து ஓட்டினாள். அடுப்புக்குப் பின்னால் ஓட்டினாள். கதவு நிலையின் மேல் ஓட்டினாள்.

"விரலைப் பாருங்க. என்ன ஒட்டியிருக்கு? ஒன்னுமில்லல்ல? நான் துடைச்ச தரையில டாக்டருங்க ஆளுங்க வயித்தை அறுக்குறாங்க. அந்தச் சுவத்தை மட்டும் உங்களுக்காக அஞ்சு வாரம் விட்டு வெச்சேன். தூக்கம் போச்சு எனக்கு. போன தடவை துடைச்சேன், கூரை இல்லைன்னுட்டீங்க. இப்ப துடைக்கலை, என்னை அழுக்குக்காரிங்கிறீங்க. நான் என்னதான் பண்ணட்டும்?"

டெரெக் தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். முன்னறையில் செமீசி இருமுவது கேட்டது. அது நிற்க நேரமானது.

"இந்த வருஷக் கூரைப் பணம் முடிஞ்சுபோச்சு. அவசரம்னு எழுதினா அதுக்குத் தனிப் பணம் இருக்கு. எழுதுறேன்" என்றான் மெதுவாக.

"மொதல்ல என்னைப் பத்தி எழுதுங்க. அப்புறம் கூரை."

அவன் அங்கேயே மேசையில் உட்கார்ந்து எழுதினான். அவள் கேட்டதால் சத்தமாகப் படித்தும் காட்டினான். "இவ்வளவு சுத்தமான வீட்டை நான் பார்த்ததில்லை. இங்கே அழுக்காக இருப்பது நம்முடைய கூரை ஒன்றுதான்."

"இன்னொரு தடவை படிங்க" என்று முன்னறையிலிருந்து செமீசி குரல் கொடுத்தார்.

டெரெக் போட்டோ எடுத்துக்கொண்டு காரைக் கிளப்புவதற்குள் லொசா நைரியிடமிருந்து ப்ளீச்சைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவசரம் என்று எழுதியதற்கே அலுவலகம் ஆறு மாதம் எடுத்துக்கொண்டது. ஏப்ரலில், குளிர் இறங்குவதற்குச் சரியாக மூன்று வாரம் முன்னால், புதுத் தகரம் ஏறியது. அடுத்த வாரமே தெற்கிலிருந்து மழை அடித்துக்கொண்டு வந்தது. லொசா வேலைக்குப் போகாமல் படுக்கையறைச் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் அழுத்தி வைத்துக்கொண்டு நின்றாள். மத்தியானம் முழுக்கப் பெய்தது. அவள் அசையவில்லை.

செமீசி வாசற்படியில் வந்து நின்றார். "என்னடி, சுவத்துக்கிட்ட ஜெபமா?"

"சும்மா இருய்யா" என்றாள் அவள் அழுதுகொண்டே. "காஞ்சிருக்கு."